ஃபைல் எங்க போச்சு, செட்டிங் எங்க ஒளிஞ்சிருக்கு: ஆர் சாஃப்ட்வேர்ல எல்லாரும் கேக்க கேள்விகள்

பாளையங்கோட்டையில வீட்ல வச்சே தீசிஸ் பண்ணுத பிள்ளைகளுக்கு ஆர்ங்குத புள்ளியியல் சாஃப்ட்வேர் வச்சு டேட்டா அனலிசிஸ் சொல்லிக்குடுக்கேன். வர்றவங்க பாதிப்பேருக்கு புள்ளியியல்ல சந்தேகமே கெடையாது, ஃபைல் தொறக்கல, நேத்து வச்ச செட்டிங் இன்னைக்கு இல்ல, காலேஜ் கம்ப்யூட்டர்ல ஒரு விடை வீட்ல வேற விடை, இதுலயே நாள் போயிருது. ஒரே கேள்வியை அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தங்கச்சி போன்ல கேப்பா, வள்ளியூர்ல இருந்து ஒரு தம்பி வாட்ஸப்ல கேப்பான், அதான் எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே ஒரு எடத்துல போட்டுட்டேன். கமாண்டு பேரை வாயால சொல்லுத மாதிரியே எழுதிருக்கேன், வாய்விட்டு படிச்சா என்ன டைப் பண்ணணும்னு தெரிஞ்சிரும்.

அக்கா, ஃபைல் கண்ணு முன்னாடி டெஸ்க்டாப்ல கெடக்கு, ஆனா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"னு சொல்லுது. ஏன்?

உங்க கண்ணு டெஸ்க்டாப்ல இருக்கு, ஆர் நிக்க எடம் வேற. ஆர் எப்பவும் ஏதாவது ஒரு ஃபோல்டர்க்குள்ள நின்னுக்கிட்டுதான் வேலை பாக்கும், அதுக்கு பேருதான் வொர்க்கிங் டைரக்டரி. நீங்க வெறும் "அணை டாட் சிஎஸ்வி"னு (சிஎஸ்வின்னா டேபிள் மாதிரி டேட்டா இருக்க ஃபைல்) மட்டும் சொன்னா நிக்க எடத்துல மட்டும் பாக்கும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டு நின்னுரும், கம்ப்யூட்டர் பூரா தேடிப் பாக்காது.

கோயில் இருக்க ஊர்ல எல்லாம் ஒரு சன்னதி தெரு இருக்கும்லா. டவுன்ல நின்னு "சன்னதி தெரு எங்க"ன்னு கேட்டா நெல்லையப்பர் கோயில் பக்கம் கைகாட்டுவாங்க, அதையே சங்கரன்கோவில்ல நின்னு கேட்டா வேற தெரு. வெறும் ஃபைல் பேரு குடுக்கதும் இதே கதைதான், நிக்க எடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும், இதை ரிலேட்டிவ் பாத்துன்னு சொல்லுவாங்க. ஊரு, தாலுகா, ஜில்லா, பின்கோடு எல்லாம் சேத்து எழுதுத மாதிரி சி டிரைவ்ல இருந்து முழுசா எழுதினா அது ஆப்சல்யூட் பாத்து, எங்க நின்னாலும் ஒரே எடத்தைத்தான் காட்டும்.

அதனால எரர் வந்த உடனே ஃபைலை தேடப் போகாதீங்க, முதல்ல கெட்-டபிள்யூ-டி போட்டு "நீ எங்க நிக்க"ன்னு ஆர்கிட்ட கேளுங்க. என்கிட்ட வந்த கேஸ்ல முக்காவாசி இந்த ஒரு வரியிலயே முடிஞ்சிருச்சு.

அப்ப ஸ்கிரிப்ட் (கமாண்டு எல்லாம் எழுதி வைக்குத ஃபைல்) மேல, நிக்க எடத்தை மாத்துத செட்-டபிள்யூ-டி ஒண்ணு போட்டா முடிஞ்சுதுல்லா?

உங்க லேப்டாப்ல முடிஞ்சிரும். ஆனா அந்த வரியில உங்க யூசர் பேரு, உங்க டிரைவ் எழுத்து எல்லாம் இருக்கும், கைடுக்கு அனுப்பினா அவங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டரே கெடையாது, முதல் வரியிலயே நின்னுரும். ஆறு மாசம் கழிச்சு நீங்களே புது லேப்டாப் வாங்கினாலும் இதே நெலமைதான்.

நான் சொல்லுத வழி, ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆர்ஸ்டூடியோ (ஆர்ல எழுதி ஓட்டுததுக்கு தொறக்குத ப்ரோகிராம்) ப்ராஜெக்ட் ஒண்ணு உண்டாக்குங்க, ஃபைல் மெனுவுல நியூ ப்ராஜெக்ட்னு இருக்கும். கடைசியில டாட் ஆர்ப்ராஜ்னு முடியுத ஒரு சின்ன ஃபைல் வரும், அதை டபுள் கிளிக் பண்ணி தொறந்தா ஆர் அந்த ஃபோல்டர்லயே போயி நிக்கும், செட்-டபிள்யூ-டி தேவையே இல்ல. டேட்டாவ உள்ள "டேட்டா"ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டுக்கிடுங்க, ஸ்கிரிப்ட்ல "டேட்டா, ஸ்லாஷ், அணை டாட் சிஎஸ்வி"ன்னு மட்டும் எழுதுங்க. முழு ஃபோல்டரையும் பென்டிரைவ்ல தூக்கிட்டு எந்த ஊருக்கு போனாலும் ஓடும்.

விண்டோஸ்ல பாத்தை அப்படியே காப்பி பண்ணி ஒட்டினா செவப்பா எரர் வருது, ஒண்ணும் வெளங்கல

விண்டோஸ் பாத்துல பேக்ஸ்லாஷ் வரும். ஆர்க்கு கோட்ஸ்க்குள்ள, அதாவது மேற்கோள் குறிக்குள்ள, பேக்ஸ்லாஷ் வந்தா "அடுத்த எழுத்துக்கு தனி அர்த்தம் இருக்கு"ன்னு புரிஞ்சுக்கிடும். சி டிரைவ்க்கு அடுத்து யூசர்ஸ்னு வருதுல்லா, அந்த பேக்ஸ்லாஷும் பெரிய யூ எழுத்தும் சேந்தா யூனிகோட் நம்பர் வரப்போகுதுன்னு எதிர்பாக்கும், நம்பர் வராததால எரர்.

எரர் வந்தா கூட நல்லதுன்னு சொல்லுவேன், ஏன்னா எரரே வராம ஏமாத்துத கேஸும் இருக்கு. ஃபோல்டர் பேரு சின்ன என்ல ஆரம்பிச்சா பேக்ஸ்லாஷ் என் சேந்து புது வரி ஆயிரும், சின்ன டி ல ஆரம்பிச்சா டேப் ஆயிரும், பொறவு ஃபைல் இல்லைன்னுதான் சொல்லும், நீங்க மணிக்கணக்கா ஸ்பெல்லிங் பாத்துட்டு இருப்பீங்க.

எல்லா பேக்ஸ்லாஷையும் சாதா ஸ்லாஷா மாத்துங்க, விண்டோஸ்லயும் ஆர் அதை ஏத்துக்கிடும். இல்ல ஒவ்வொண்ணையும் ரெட்டையா போடுங்க. 2020ல வந்த 4.0.0 வெர்ஷன்ல இருந்து இன்னொரு வழியும் இருக்கு, கோட்ஸ்க்கு முன்னாடி ஒரு சின்ன ஆர் போட்டு, கோட்ஸ்க்குள்ள அடைப்புக்குறி போட்டு பாத்தை அப்படியே ஒட்டலாம், அதுல பேக்ஸ்லாஷ் வெறும் பேக்ஸ்லாஷாவே இருக்கும்.

நிக்க எடமும் சரி, ஸ்லாஷும் சரி, அப்பவும் ஃபைல் இல்லைங்குதே?

லிஸ்ட் டாட் ஃபைல்ஸ் கமாண்டு போடுங்க, அந்த ஃபோல்டர்ல இருக்க ஃபைல் பேரை ஆர் எப்படி பாக்குதோ அப்படியே காட்டும், அதுல இருந்து காப்பி பண்ணி ஒட்டுங்க. விண்டோஸ் ஃபைலோட கடைசி எழுத்துகளை மறைச்சு வைக்கும், நீங்க "அணை டாட் சிஎஸ்வி"ன்னு பேரு மாத்தினா நெசத்துல அது "அணை டாட் சிஎஸ்வி டாட் சிஎஸ்வி" ஆயிருக்கும். எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுவுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கதை டிக் பண்ணிருங்க, இதை நான் வீட்டுக்கு வர்ற எல்லா லேப்டாப்லயும் முதல் வேலையா பண்ணுதேன்.

இன்னும் ரெண்டு எடத்துல பாத்துக்கிடுங்க. ஜிப் ஃபைலை விண்டோஸ் சாதா ஃபோல்டர் மாதிரியே தொறந்து காட்டும், ஆனா உள்ள இருக்கது இன்னும் வெளிய வரல, எக்ஸ்ட்ராக்ட் பண்ணினாத்தான் ஆர் கண்ணுக்கு தெரியும். அப்புறம் லினக்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, விண்டோஸ்ல பொதுவா கெடையாது, வீட்ல ஓடினது டிபார்ட்மென்ட் சர்வர்ல ஓடலன்னா அதைப் பாருங்க.

ஃபைல் பேரு தமிழ்ல வைக்கலாமா?

2022ல வந்த 4.2.0ல இருந்து விண்டோஸ்லயும் ஆர் யூடிஎஃப்-8ல (எல்லா மொழி எழுத்தையும் எழுதி வைக்குத முறை) வேலை பாக்குது, விண்டோஸ் 10ல 1903 வெர்ஷனோ அதுக்கு பொறவு வந்ததோ இருந்தா போதும், "பிசானம்"னு பேரு வச்சாலும் தொறக்கும், கட்டத்துக்குள்ள தமிழ் எழுத்தும் ஒழுங்கா வரும். அதுக்கு முந்தின வெர்ஷன்ல விண்டோஸ்ல தமிழ் எழுத்து ஒழுங்கா வராம ரொம்ப பாடுபடுத்தும். டேட்டாவுக்குள்ள ஊர் பேரு, ரகத்து பேரு தமிழ்ல இருக்கட்டும், நான் அதை ரொம்ப விரும்புதேன். ஆனா ஃபைல் பேரையும் ஃபோல்டர் பேரையும் மட்டும் ஸ்பேஸ் இல்லாத இங்கிலீஷ் எழுத்துல வச்சுக்கிடுங்க, பழைய வெர்ஷன் போட்டிருக்க கம்ப்யூட்டருக்கு அது எப்ப போகும்னு சொல்ல முடியாது.

கன்சோல்ல ஓடுது, ரிப்போர்ட் நிட் பண்ணும்போது மட்டும் அதே ஃபைல் இல்லைங்குது

ஆர் மார்க்டவுன்ங்குதது எழுத்தும் ஆர் கமாண்டும் சேந்த ஃபைல், அதை ஓட்டி ரிப்போர்ட்டா மாத்துததுதான் நிட். நிட் பண்ணும்போது அந்த மார்க்டவுன் ஃபைல் இருக்க ஃபோல்டர்லதான் ஆர் நிக்கும், ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல இல்ல. ரிப்போர்ட்டை "ரிப்போர்ட்"னு உள் ஃபோல்டர்ல வச்சிருந்தா "டேட்டா" ஃபோல்டரை அதுக்குள்ளதான் தேடும். முதல் கேள்வியில சொன்ன சன்னதி தெரு கதைதான், நீங்க ஊர் மாறினதை கவனிக்கல. ரெண்டு புள்ளி போட்டு ஒரு ஸ்லாஷ் போட்டா ஒரு ஃபோல்டர் மேல போகும், அப்படி எழுதலாம். இல்ல "ஹியர்"னு ஒரு பேக்கேஜ் (ஆர்ல தனியா சேத்துக்கிடுத கமாண்டு மூட்டை) இருக்கு, அது ப்ராஜெக்ட் ஃபைல் எங்க இருக்குன்னு மேல மேல ஏறித் தேடி அங்க இருந்து பாத்தை கட்டிக் குடுக்கும், ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி ஓடும்.

நேத்து டிஜிட்ஸ் மாத்தி வச்சேன், இன்னைக்கு தொறந்தா பழையபடி வந்துட்டு

டிஜிட்ஸ்னா எண்ணை எத்தனை இலக்கத்துல காட்டணும்ங்குத செட்டிங். ஆப்ஷன்ஸ் கமாண்டுல மாத்துதது அந்த செஷனுக்கு மட்டும்தான். ஆரை மூடினா போச்சு. டிஜிட்ஸ் எப்பவும் 7ல தொடங்கும், அதனாலதான் பாபநாசம் அணை நீர்மட்டத்துக்கு சராசரி போட்டா 97.34286 மாதிரி ஏழு இலக்கம் வந்து நிக்கு, மொத்தமே 143 அடி அணைக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லன்னு நீங்க குறைக்கீங்க, சரிதான். அது காட்டுதது மட்டும்தான், உள்ள இருக்க எண்ணு மாறாது.

ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் தானா ஓடணும்னா அதுக்குன்னு ஒரு ஃபைல் இருக்கு, பேரு டாட் ஆர்ப்ரொஃபைல். முதல்ல புள்ளி, பொறவு பெரிய ஆர், மிச்சம் சின்ன எழுத்து. அதுல எழுதுதது எல்லாம் சாதா ஆர் கமாண்டுதான், ஆர் தொடங்கும்போது அதை ஒரு தடவை ஓட்டிட்டுத்தான் உங்ககிட்ட வரும்.

டாட் ஆர்ப்ரொஃபைல் எங்க இருக்கு? கம்ப்யூட்டர் பூரா தேடிட்டேன் கெடைக்கல

நீங்க உண்டாக்காத வரைக்கும் அது இருக்காது, இன்ஸ்டால் பண்ணும்போது வராது. ஹோம் ஃபோல்டர்ல நீங்கதான் எழுதி வைக்கணும். ஹோம்னா எது? விண்டோஸ்ல ஆர் பொதுவா உங்க டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைத்தான் ஹோம்னு எடுத்துக்கிடும், லினக்ஸ், மேக்ல உங்க யூசர் ஃபோல்டர். பாத் டாட் எக்ஸ்பேண்ட் கமாண்டுக்குள்ள அலை மாதிரி இருக்க டில்டே குறியை கோட்ஸ்ல குடுத்தா உங்க ஹோம் எதுன்னு முழு பாத்து காட்டிரும். ஒன்டிரைவ் ஆன் ஆகியிருந்தா டாகுமென்ட்ஸே ஒன்டிரைவ்க்குள்ள போயிருக்கும், அதனால ஊகத்துல போகாம இதைக் கேட்டு தெரிஞ்சுக்கிடுங்க.

நோட்பேட்ல எழுதி சேவ் பண்ணாதீங்க, கடைசியில டிஎக்ஸ்டி ஒட்டிக்கிடும், ஆர் அதை கண்டுக்காது. ஆர்க்குள்ள இருந்தே ஃபைல் டாட் எடிட் கமாண்டுல டில்டே, ஸ்லாஷ், டாட் ஆர்ப்ரொஃபைல்னு குடுங்க, எழுதி சேவ் பண்ணுங்க. கடைசி வரி முடிஞ்ச பொறவு ஒரு என்டர் கண்டிப்பா தட்டிருங்க, இல்லைன்னா அந்த கடைசி வரி சத்தமில்லாம விட்டுப்போக வாய்ப்பிருக்கு. மூடித் தொறந்தாத்தான் வேலை செய்யும்.

ஹோம்லயும் ஒண்ணு ப்ராஜெக்ட்லயும் ஒண்ணு வச்சா ரெண்டையும் எடுக்குமா?

எடுக்காது, இதுலதான் நெறைய பேரு விழுதாங்க. நிக்க ஃபோல்டர்ல டாட் ஆர்ப்ரொஃபைல் இருந்தா அதை மட்டும் படிக்கும், அங்க இல்லைன்னாதான் ஹோம்க்கு போகும். ஹோம்ல இருக்கதும் வேணும்னா ப்ராஜெக்ட் ஃபைலோட முதல் வரியில சோர்ஸ் கமாண்டு போட்டு நீங்களே கூப்பிடணும்.

முழு வரிசை இப்படித்தான் போகும். முதல்ல ஆர் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்க்குள்ள ஈடிசி ஃபோல்டர்ல ஆர்என்விரான் டாட் சைட் இருந்தா அதைப் படிக்கும், பொறவு உங்க டாட் ஆர்என்விரான், அடுத்து அதே ஈடிசில ஆர்ப்ரொஃபைல் டாட் சைட், அடுத்து உங்க டாட் ஆர்ப்ரொஃபைல், அதுக்கும் பொறவு நிக்க ஃபோல்டர்ல டாட் ஆர்டேட்டா இருந்தா அதை ஏத்தும். சைட்னு முடியுதது அந்த கம்ப்யூட்டர்ல உக்காருத எல்லாருக்கும் பொது. காலேஜ் லேப்ல நீங்க எதுவுமே வைக்காம ஏதோ செட்டிங் மாறியிருந்தா அங்கதான் இருக்கும், லேப் ஆளுங்ககிட்ட கேளுங்க.

ஆர்என்விரான்னு ஒண்ணு சொன்னீங்களே, அது எதுக்கு தனியா?

அதுல ஆர் கமாண்டு எழுத முடியாது, பேரு, சமக்குறி, மதிப்பு, இவ்வளவுதான் ஒரு வரிக்கு. பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வெப்சைட்ல இருந்து டேட்டா எடுக்க குடுக்குத ரகசிய சாவி), பேக்கேஜ் எங்க வைக்கணும்ங்குத பாத்து, இதெல்லாம் அங்க போடணும். ஸ்கிரிப்ட்ல சிஸ் டாட் கெட்என்வ் போட்டு பேரைச் சொன்னா மதிப்பு வந்துரும். ஸ்கிரிப்டை யாருக்கு அனுப்பினாலும் பாஸ்வேர்ட் கூட போகாது. ஆனா ப்ராஜெக்ட் ஃபோல்டர்க்குள்ள வச்சிருந்தா ஃபோல்டரை ஜிப் பண்ணி அனுப்பும்போது அதுவும் சேந்து போயிரும், புள்ளியில ஆரம்பிக்கதால லினக்ஸ், மேக்ல கண்ணுல கூட படாது. ஹோம்லயே வைங்க.

அப்ப எல்லா செட்டிங்கையும் ஆர்ப்ரொஃபைல்லயே எழுதி வச்சிரலாம்லா, தெனமும் டைப் பண்ண வேண்டாமே?

வேண்டாம். இந்தப் பக்கத்துல நீங்க ஒண்ணே ஒண்ணு படிக்கதா இருந்தா இதைப் படிங்க. விடையை மாத்துத செட்டிங் எதுவா இருந்தாலும் அது ஸ்கிரிப்ட்க்குள்ளதான் இருக்கணும். உங்க வசதிக்கு இருக்கது, டிஜிட்ஸ், எந்த சர்வர்ல இருந்து பேக்கேஜ் எறக்கணும், இதெல்லாம் ஆர்ப்ரொஃபைல்ல இருக்கலாம்.

நெல்லு விளைச்சல் டேட்டா ஒண்ணு எடுத்துக்கிடுங்க, கார், பிசானம்னு ரெண்டு பருவம், அம்பை 16, ஆடுதுறை 45ன்னு ரெண்டு ரகம், ஒவ்வொரு கூட்டத்துலயும் வயல் எண்ணிக்கை சமமா இல்ல. பருவமும் ரகமும் சேந்து என்ன பண்ணுதுன்னு பாக்க இன்டராக்ஷன் வச்சு டைப் 3 அனோவா (கூட்டங்களோட சராசரி வித்தியாசப்படுதான்னு பாக்குத சோதனை) போடுதீங்க. இதுல கான்ட்ராஸ்ட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பருவம், ரகம் மாதிரி வகையை கணக்குக்கு எண்ணா மாத்துத விதம் அது, ஆர் எப்பவும் ட்ரீட்மென்ட் கான்ட்ராஸ்ட்லதான் தொடங்கும், டைப் 3க்கு சம் கான்ட்ராஸ்ட் வேணும். ஒருத்தர் அதை தன் ஆர்ப்ரொஃபைல்ல மாத்தி வச்சுட்டு மறந்துட்டாருன்னு வைங்க, அவரு கம்ப்யூட்டர்ல பருவத்துக்கு ஒரு பி வேல்யூ, அதே ஸ்கிரிப்ட், அதே டேட்டா, கைடு கம்ப்யூட்டர்ல வேற பி வேல்யூ. எரர் கெடையாது, வார்னிங் கெடையாது. யாரு சரின்னு சண்டை போட்டாலும் காரணம் ஸ்கிரிப்ட்ல இல்லாததால எத்தனை தடவை படிச்சாலும் கெடைக்காது.

லைப்ரரி கமாண்டையும் அங்க போடாதீங்க. டிப்ளையர் பேக்கேஜ்ல ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, ஆர் கூடவே வர்ற ஸ்டாட்ஸ் பேக்கேஜ்லயும் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, ரெண்டும் பண்ணுத வேலை வேற வேற. உங்க கிட்ட டிப்ளையர் தானா ஏறியிருக்கும், வாங்குதவங்க கிட்ட ஏறியிருக்காது, அதே வரி அங்க வேற ஃபங்ஷனை கூப்பிடும்.

மூடும்போது "சேவ் வொர்க்ஸ்பேஸ்"னு கேக்கு, என்ன சொல்ல?

வேண்டாம்னு சொல்லுங்க, எப்பவும். சரின்னு சொன்னா நிக்க ஃபோல்டர்ல டாட் ஆர்டேட்டான்னு ஒரு ஃபைல்ல எல்லா ஆப்ஜெக்டையும் எழுதி வைக்கும், அடுத்த தடவை அங்க தொறந்தா சத்தமில்லாம திரும்ப ஏத்திரும்.

இதால எனக்கு ஒரு பெரிய அடி விழுந்திருக்கு. களக்காட்டு பக்கம் வாழை விலை வச்சு ஒரு தங்கச்சிக்கு ரிக்ரஷன் போட்டுக் குடுத்தேன், புது வருஷ டேட்டா ஃபைலோட பேரு மாறியிருந்ததால படிக்குத வரி எரர் குடுத்திருக்கு, ஆனா நான் வரி வரியா ஓட்டிட்டு இருந்தேன், எரர் மேல ஸ்க்ரோல் ஆகிப் போயிருச்சு, பழைய ஆர்டேட்டால இருந்து அதே பேருல போன வருஷ டேட்டா ஏறியிருந்ததால மிச்ச வரியெல்லாம் அழகா ஓடிருச்சு, டேபிள் வந்துட்டு, படம் வந்துட்டு. வைவாக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பிள்ளைதான் "எக்கா, என் டேட்டால இவ்வளவு வரிசையே கெடையாதே"ன்னு கேட்டா. ரெண்டு ராத்திரி உக்காந்து ஒரு சாப்டர் முழுக்க மாத்தி எழுதினா அவ. அதை நெனச்சா இப்பவும் எனக்கு மனசு கெடந்து அடிக்கும்.

ஆர்ஸ்டூடியோல டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல் போயி, தொடங்கும்போது ஆர்டேட்டா ஏத்துததை டிக் எடுத்துருங்க, சேவ் பண்ணுததை நெவர்னு மாத்திருங்க. ஏற்கனவே கெடக்க டாட் ஆர்டேட்டா ஃபைலை அழிச்சிருங்க, உங்க டேட்டா ஃபைலுக்கும் ஸ்கிரிப்ட்க்கும் ஒண்ணும் ஆகாது.

புது வெர்ஷன் போட்டேன், பேக்கேஜ் ஒண்ணையும் காணோம்

அழியல, வேற ஃபோல்டர்ல கெடக்கு. 4.3க்கு ஒரு ஃபோல்டர், 4.4க்கு ஒரு ஃபோல்டர்னு தனித்தனியா வைக்கும், 4.3.1ல இருந்து 4.3.2க்கு போனா அதே ஃபோல்டர்தான். டாட் லிப்பாத்ஸ் கமாண்டு போட்டா ஆர் இப்ப எங்க தேடுதுன்னு வரிசையா காட்டும். விண்டோஸ்ல 4.2.0க்கு முன்னாடி டாகுமென்ட்ஸ்க்குள்ள இருந்தது, அதுல இருந்து ஆப்டேட்டா, லோக்கல், ஆர், வின்-லைப்ரரின்னு எடம் மாறிட்டு. பழையதை காப்பி பண்ணி ஒட்டுததை விட புதுசா இன்ஸ்டால் பண்ணுததுதான் பத்திரம், பழைய வெர்ஷனுக்கு கட்டினது புதுசுல ஓடாமப் போகலாம்.

ஆர்ஸ்டூடியோ தீம், எழுத்து அளவு இதெல்லாம் கூட ஆர்ப்ரொஃபைல்லயா?

இல்ல, அது ஆர்ஸ்டூடியோவோட சொத்து. விண்டோஸ்ல ஆப்டேட்டா, ரோமிங், ஆர்ஸ்டூடியோ ஃபோல்டர்ல ஆர்ஸ்டூடியோ-ப்ரெஃப்ஸ் டாட் ஜேசான்னு ஒரு ஃபைல். புது லேப்டாப்க்கு மாறும்போது அதை எடுத்துட்டு போனா போதும்.

நான் எஸ்பிஎஸ்எஸ் ஆளு, என் ஃப்ரெண்டு ஸ்டேட்டா. எங்களுக்கும் இதேதானா?

ரெண்டும் ஆர் மாதிரி புள்ளியியல் சாஃப்ட்வேர்தான், பேரு வேற, சங்கதி ஒண்ணு. எஸ்பிஎஸ்எஸ்ல எடிட், ஆப்ஷன்ஸ், ஃபைல் லொகேஷன்ஸ் போனா தொறக்கும்போது எந்த ஃபோல்டர்ல நிக்கணும்னு சொல்லலாம், சின்டாக்ஸ்ல சிடி கமாண்டு. அதே பக்கத்துல ஜர்னல்னு ஒரு ஃபைல் இருக்கும், நீங்க மெனுவுல கிளிக் பண்ணினதுக்கும் சின்டாக்ஸ் அதுல பதிவாகும், எதை கிளிக் பண்ணினோம்னு மறந்துட்டா அதைத் தொறந்து பாருங்க, நெறைய பேருக்கு இது இருக்கதே தெரியாது.

ஸ்டேட்டால நிக்க எடம் பாக்க பிடபிள்யூடி, மாத்த சிடி. தொடங்கும்போது ஓடுத ஃபைல் ப்ரொஃபைல் டாட் டூ. சிஸ்டிர் போட்டா பேஸ், சைட், ப்ளஸ், பர்சனல்னு ஃபோல்டர் வரிசை காட்டும், எஸ்எஸ்சில (ஸ்டேட்டாவுக்கு மத்தவங்க எழுதின கமாண்டு இருக்க ஆன்லைன் சேமிப்பு) இருந்து எறக்குத கமாண்டு எல்லாம் ப்ளஸ்ல போயி உக்காரும். செட் கமாண்டு சிலதுல கடைசியில பெர்மனன்ட்லினு சேத்தா அப்படியே நெலைச்சு நிக்கும். விடையை மாத்துத செட்டிங் பத்தி ஆர்ப்ரொஃபைல் கேள்வியில சொன்னது இங்கயும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் கொழம்பிட்டு, எந்த செட்டிங்கால தப்பு வருதுன்னு எப்படி கண்டுபிடிக்க?

ஆரை வெறும் ஆளா தொறங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஆர்னு போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு ரெண்டு மைனஸ் கோடு போட்டு அதோட ஒட்டி வெனிலான்னு சேத்தா மேல சொன்ன வரிசையில ஒரு ஃபைலையும் படிக்காது, ஆர்டேட்டாவும் ஏறாது. விண்டோஸ்ல ஆர்னு மட்டும் சொன்னா தெரியாதுன்னு சொல்லலாம், அப்ப ஆர் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்ல பின் ஃபோல்டர்க்குள்ள போயி அங்க இருந்து கூப்பிடுங்க.

அதுல உங்க ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்க. வேற விடை வந்தா தப்பு உங்க கம்ப்யூட்டர்ல ஒளிஞ்சிருக்க ஃபைல்ல, முதல்ல ஆர்டேட்டா பொறவு ஆர்ப்ரொஃபைல்னு ஒவ்வொண்ணா பேரு மாத்தி வச்சு திரும்ப ஓட்டுங்க, எதை எடுத்தா விடை மாறுதோ அதுதான். வெனிலாவுலயும் அதே விடை வந்தா செட்டிங்கை விட்டுட்டு ஸ்கிரிப்டையும் டேட்டாவையும் பாருங்க. கைடுக்கு அனுப்புததுக்கு முன்னாடி ராத்திரி ஒரு தடவை இப்படி ஓட்டிருங்க, அந்த வாழை தங்கச்சிக்கு பொறவு என் வீட்ல இருந்து வெளிய போற எல்லா ஸ்கிரிப்டையும் நான் இப்படி ஓட்டித்தான் அனுப்புதேன்.